வண்டி போன வழி

சென்ற இதழில், மூடிக் கிடக்கும் ஒரு கார் ஆலைக்குள் நடந்து பார்த்ததைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதை இடித்துவிடக் கூடாது என்பதுதான் சாரம். வந்த கடிதங்களில் பாதி என்னைத் திட்டியிருந்தன. நல்லதுதான், பாராட்டுக் கடிதத்தில் கேள்வி இருப்பதில்லை. அதனால் இந்த மாதம் வேறு எதையும் தொடாமல் இதற்கே பக்கத்தை ஒதுக்கிவிட்டேன். ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் கட்டடக் கலைஞன் இல்லை. பழைய கட்டடங்களின் விரிசலைப் பார்த்தே தலை நரைத்த ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர். பதில்களில் சிமென்ட் வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோட்டை, கொத்தளம் என்றால் சரி, காப்பாற்றலாம். கார் செய்த கொட்டகையில் என்ன கலை இருக்கிறது? உங்களுக்குப் பழைய இரும்பின் மேல் ஒரு பாசம், அவ்வளவுதானே?
(ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர்)

பதில்: பாசம் உண்டு, மறைக்கவில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டே பேசுவோம்.

அமெரிக்காவின் டெட்ராய்டு நகரில் பிக்கெட் அவென்யூ என்ற தெருவில், ஃபோர்டு நிறுவனம் 1904இல் கட்டிய ஆலை இன்றும் நிற்கிறது. மூன்று மாடி, செங்கல் சுவர், மர உத்தரம், மரத்தளம். நீளம் 402 அடி, அகலம் வெறும் 56 அடி. ரயில் பெட்டி மாதிரி ஏன் இப்படி ஒடுங்கி நீண்டது? வெளிச்சத்துக்காக. மின்விளக்கை நம்பி நுணுக்க வேலையில் இறங்க முடியாத காலம் அது. இரண்டு பக்க ஜன்னலிலிருந்தும் வருகிற வெளிச்சம், நட்டநடுவில் நிற்பவரின் கைவரைக்கும் எட்ட வேண்டும். மொத்தம் 355 ஜன்னல்கள். கார் ஆலை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது; அதனால் நெசவாலை கட்டுகிற முறையையே எடுத்துக்கொண்டார்கள். 1908இல் முதல் மாடல் டி கார் பிறந்தது இந்த நெசவாலை அச்சில்தான்.

அது கட்டி முடித்த மறு வருடமே, 1905இல், அதே ஊரில் பக்கார்டு என்ற கார் நிறுவனத்துடைய ஆலையின் பத்தாம் எண் கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் கான் கான்கிரீட்டில் எழுப்பினார். அவருடைய தம்பி ஜூலியஸ் கான் ஒரு கம்பியை வடிவமைத்திருந்தார். கம்பியின் இருபுறமும் சிறகு போல நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டை ஆங்காங்கே வெட்டி, சாய்வாக மேல்நோக்கி மடக்கிவிடுவார்கள். தூணை ஒட்டிய இடத்தில் உத்தரம் சாய்வாகக் கீறல் விடாமல் அந்தச் சிறகுகள் பிடித்துக்கொள்ளும். சின்ன வேலைதான், ஆனால் அதன் பிறகு தூண்கள் விலகி நின்றன. சுவருக்குப் பாரம் சுமக்கிற வேலை போயிற்று. சுமக்காத சுவர் எதற்கு? தூணுக்குத் தூண் கண்ணாடி வந்தது.

1910இல் அதே கான், ஃபோர்டுக்காக ஹைலண்ட் பார்க் ஆலையைக் கட்டினார். அங்கே பொருள்களைக் கிரேனில் மேல் மாடிகளுக்கு ஏற்றினார்கள். செய்து முடித்த பாகங்கள் சறுக்குப் பாதை வழியாகத் தாமாகவே கீழே இறங்கி வந்தன. பூமி இழுக்கிற இழுப்புக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா! 1913இல் அங்கேதான் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. ஒரு சேஸியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, கோக்கப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது, கடைசியில் 93 நிமிடத்துக்கு வந்தது.

இத்தாலியில் டூரின் நகரத்தில் ஃபியட் நிறுவனம் இதைத் தலைகீழாகச் செய்தது. லிங்கோட்டோ ஆலையில் மூலப்பொருள் தரைத்தளத்தில் நுழையும். மாடிக்கு மாடி வண்டி வளர்ந்துகொண்டே ஏறும். கடைசியில் மொட்டை மாடிக்கு வந்து, அங்கே போட்டிருக்கும் ஓட்டப் பாதையில் ஓடிப் பார்க்கப்படும். மாத்தே ட்ரூக்கோ என்ற என்ஜினீயர் வடிவமைத்தது. 1916இல் வேலை தொடங்கி 1923இல் திறந்தார்கள்.

ஒரே பொருள், மூன்று நான்கு கட்டடங்கள். ஒன்றில் ஜன்னலோரம், ஒன்றில் மேலிருந்து கீழே, ஒன்றில் கீழிருந்து மேலே. முகப்புத் தூணில் இருக்கிற பூ வேலைப்பாட்டைத் தேடினால் உங்களுக்கு ஏமாற்றம்தான். உள்ளே வண்டி எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். அந்த வழிக்காகத்தான் சுவரும் தூணும் கூரையும் அந்த அளவில், அந்த இடத்தில் நிற்கின்றன. கலை அங்கே இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் மூடிய கார் ஆலை எல்லாமே பாரம்பரியச் சின்னமா?
(கல்லூரி மாணவர்)

பதில்: இல்லை. பெரும்பாலானவை தேறாது. எங்கே வேண்டுமானாலும் போல்ட் முடுக்கி நிறுத்தக்கூடிய தகரக் கொட்டகைக்காக நான் கொடி பிடிக்க மாட்டேன்.

2003இல் ரஷ்யாவின் நிஷ்னி தகில் நகரத்தில், தொழில் பாரம்பரியத்துக்கான பன்னாட்டு அமைப்பு ஒரு சாசனம் வெளியிட்டது. கட்டடம், எந்திரம், சுற்றியிருக்கும் நிலப்பரப்பு, ஆவணம், அங்கே வேலை செய்தவர்களின் நினைவு எல்லாம் சேர்ந்ததுதான் மதிப்பு என்கிறது அது. நான் கொஞ்சம் கரடுமுரடான சோதனை ஒன்று வைத்திருக்கிறேன். எந்திரங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போன பிறகு காலிக் கூடத்தில் நில்லுங்கள். வண்டி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கட்டடமே சொல்கிறதா? சொன்னால் போராடலாம். சொல்லாவிட்டால் நல்ல புகைப்படம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

கேள்வி: நான் கட்டடக்கலை இறுதியாண்டு மாணவி. என் ஆய்வுக்கு மூடிய ஆலை ஒன்றை எடுத்திருக்கிறேன். முதல் நாள் உள்ளே போகும்போது எதைப் பார்க்க வேண்டும்? இடம் அவ்வளவு பெரியது, எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்: தரையைப் பாருங்கள் அம்மா. எல்லோரும் அண்ணாந்து கூரையைப் படம் எடுப்பார்கள். தரைதான் பேசும்.

நான் போன ஆலையில், எந்திரக் கூடத்தின் தரை மரக்கட்டைகளால் ஆனது. பலகை இல்லை, செங்கல் அளவுக் கட்டைகள். வெட்டு முகம் மேலே தெரியும்படி, ஆண்டு வளையங்கள் கண்ணில் படும்படி நெருக்கி நிறுத்தி, தார் எண்ணெய் ஊட்டியிருந்தார்கள். உருக்குப் பாகம் கை தவறி விழுந்தால் விளிம்பு நசுங்காது, எட்டு மணி நேரம் நிற்பவருக்குக் கால் வலி குறையும், சத்தமும் அடங்கும். கூரை ஒழுகிய இடத்தில் அந்தக் கட்டைகள் தண்ணீர் குடித்து உப்பி, ஒன்றையொன்று தள்ளி, அலை மாதிரி முழங்கால் உயரத்துக்கு எழும்பி நின்றன. ஒழுகாத இடத்தில் மட்டம் அப்படியே இருந்தது. ஒரு தூணுக்குப் பக்கத்தில் இரண்டு பள்ளம், ஒரு சாண் இடைவெளியில். முதலில் எந்திரத்தின் கால் அழுத்திய தடம் என்று நினைத்தேன். அப்புறம் அதன்மேல் ஏறி நின்றேன். என் இரண்டு பாதமும் கச்சிதமாக உட்கார்ந்தன. யாரோ ஒருவர், அல்லது ஒருவர் பின் ஒருவராகப் பலர், அதே இடத்தில் நின்று நின்று தேய்த்திருக்கிறார்கள். நிமிர்ந்தால் கண்ணுக்கு நேரே தூணில் பென்சிலால் போட்ட கோடுகள்; நான்கு நின்ற கோடு, குறுக்கே ஒன்று, இப்படி ஐந்தைந்தாக. எண்ணிக்கைக் கணக்கு.

இதெல்லாம் எந்த வரைபடத்திலும் வராது. முதல் நாள் அளவு நாடாவை எடுக்காதீர்கள். தரையில் பெயின்ட் கோடு, வெட்டிய போல்ட்டின் அடித்தண்டு, எண்ணெய்க் கறை, கன்வேயர் குழி ஆகியவற்றை மட்டும் தாளில் குறித்துக்கொண்டே நடங்கள். சாயங்காலம் அந்தத் தாளைப் பார்த்தால் வண்டி போன வழி தானாகத் தெரியும்.

இன்னொன்று. ரம்பப் பல் மாதிரி மடிப்பு மடிப்பான கூரை இருந்தால், அதன் கீழே உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். நிழல் விழாது, அல்லது விழுந்தும் விழாததுபோல இருக்கும். பூமியின் வட பாதியில் அந்தப் பல்லின் கண்ணாடிப் பக்கத்தை வடக்கு நோக்கி வைப்பது வழக்கம். நேர் வெயில் உள்ளே வராமல் வெளிச்சம் மட்டும் சீராக இறங்கும். பெயின்டில் இருக்கிற கீறலும் தகட்டில் இருக்கிற நெளிவும் அந்த வெளிச்சத்தில் தப்பவே முடியாது. ஆய்வறிக்கையில் கூரையின் கோணத்தை எழுதும்போது இதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் கோணம் வெறும் எண்.

பூட்ஸ், ஹெல்மெட், கூட ஓர் ஆள். தனியாகப் போகவே கூடாது.

கேள்வி: எங்கள் பகுதி ஆலையில் தூண்களில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி துருத்திக்கொண்டு நிற்கிறது. “உள்ளே எல்லாம் உளுத்துவிட்டது, இடிப்பதைத் தவிர வழியில்லை” என்று ஆய்வுக்கு வந்தவர்கள் சொல்கிறார்கள். பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. உண்மையா?

பதில்: உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பார்த்துவிட்டுச் சொன்னார்களா, சோதித்துவிட்டுச் சொன்னார்களா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றில்லை.

கான்கிரீட் ஏன் பெயர்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். புதுக் கான்கிரீட் கடுமையான காரம் (அமிலத்துக்கு எதிரானது); அதை அளக்கிற பி.ஹெச். எண் 12, 13 வரை இருக்கும். அந்தக் காரத்துக்குள் இருக்கும்வரை கம்பி துருப் பிடிக்காது. காற்றிலிருக்கும் கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெதுவாக உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் கொல்கிறது. பி.ஹெச். 9க்குக் கீழே இறங்கி, ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப் பிடிக்கத் தொடங்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? மேலே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளிவிட்டு வெளியே வரும். நீங்கள் பார்க்கிற பெயர்ச்சி அதுதான். ஆரம்ப காலத்தில் ‘கவர்’, அதாவது கம்பியை மூடுகிற கான்கிரீட்டின் கனம், குறைவாக வைத்தே கட்டினார்கள். அதனால் பழைய ஆலைகளில் இது சீக்கிரம் கண்ணில் படும்.

என் பையில் எப்போதும் இரண்டு சாமான் இருக்கும். ஒன்று சின்னச் சுத்தியல். தூணைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் ‘ணங்’ என்று கெட்டியாகக் கேட்கும். உள்ளே பிளந்த இடத்தில் ‘டப்’ என்று காலிப் பெட்டியைத் தட்டியது போலக் கேட்கும். சாக்பீஸால் எல்லையைக் குறித்துவிடலாம். இன்னொன்று, பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்களே, ஃபீனாப்தலீன், அது கரைத்த ஒரு தெளிப்பான் பாட்டில். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் தெளித்தால், காரம் உயிரோடு இருக்கிற இடம் பளீரென்று ரோஜா நிறமாகும். செத்த இடம் சாம்பலாகவே இருக்கும். நான் போன ஆலையில், பார்க்கவே பயங்கரமாக இருந்த ஒரு தூணில் அதைத் தெளித்தேன். வெளியே ஒரு விரல்கடை அளவு சாம்பல். அதற்கு உள்ளே முழுக்க ரோஜா. தோல்தான் போயிருந்தது, உடம்பு போகவில்லை. அதே கூடத்தில், பார்ப்பதற்கு அழகாகப் பூசியிருந்த இன்னொரு தூணில் ரோஜா நிறமே வரவில்லை. கண் ஏமாற்றும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அப்புறம் கான்கிரீட்டைக் குடைந்து மாதிரி எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும், கம்பி எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கருவியால் தேட வேண்டும், தேவையானால் ஒரு தளத்தில் பாரம் ஏற்றி எவ்வளவு வளைகிறது என்று அளக்க வேண்டும். இந்த அறிக்கைகளைக் கேளுங்கள். பத்துப் புகைப்படமும் ஒரு தீர்ப்பும் மட்டும் இருந்தால், அது ஆய்வறிக்கை இல்லை, இடிப்பதற்கான விண்ணப்பம்.

கேள்வி: ஒரு கார் ஆலையில் 31 ஆண்டு வேலை பார்த்தவன் நான், கடைசியில் பெயின்ட் ஷாப்பில். ஆலையை மியூசியமாக்கப் போவதாகப் பேச்சு. பளபளவென்று நாலு காரை நிறுத்தி, விளக்குப் போட்டு, டிக்கெட் கிழிப்பார்கள். அதில் எங்களுக்கு என்ன இருக்கிறது சொல்லுங்கள்.

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பளபளக்கும் காரை எந்தக் கூடத்தில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். அதற்கு ஆலை தேவையில்லை. பிக்கெட் அவென்யூவில் 2001 முதல் மியூசியம் நடக்கிறது. அங்கேயும் கார்கள் நிற்கின்றன, ஆனால் ஜனங்கள் நின்று பார்ப்பது அந்தப் பழைய மரத்தளத்தையும் எண்ணெய்க் கறையையும்கூடத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உங்களைப் போன்றவர்கள் இல்லாமல் அந்த ஆலையைக் காப்பாற்றவே முடியாது. இது மரியாதைக்காகச் சொல்வதில்லை. கார் ஆலை மண்ணில் என்னென்ன விஷம் இறங்கியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய ட்ரைகுளோரோஎத்திலீன் தண்ணீரைவிடக் கனமானது, நேரே நிலத்தடி நீருக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். முலாம் பூசிய இடத்தில் குரோமியம். பாடியின் இணைப்புகளை நிரப்பிய இடத்தில் ஈயம். கூரையிலும் குழாய்ப் போர்வையிலும் ஆஸ்பெஸ்டாஸ். இதையெல்லாம் சுத்தம் செய்யாமல் மியூசியம் என்ன, தேநீர்க் கடைகூட வைக்க முடியாது. சோதனைக்காரர்கள் கட்டம் போட்டு மண்ணைத் துளைத்துக்கொண்டே போவார்கள். தொட்டி 1970களில் எந்த மூலையில் இருந்தது, தின்னர் டிரம்மை எங்கே அடுக்கினார்கள், மிச்சத்தை எந்தச் சாக்கடையில் ஊற்றினார்கள் என்பது வரைபடத்தில் இருக்காது. பெயின்ட் ஷாப்காரர் விரலை நீட்டிக் காட்டுவார். நூறு துளை போட வேண்டிய இடத்தில் பத்து போதும் என்றாகிவிடும்.

ஆகவே மியூசியம் பேசுகிறவர்களிடம் போய், “எங்களை ஆலைக்குள் அழைத்துப் போங்கள், கையில் ரெக்கார்டரோடு வாருங்கள்” என்று கேளுங்கள். மேசையில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தால் நினைவு வராது. நின்ற இடத்தில் நின்றால் வரும். கை எங்கே நீளும், சைரன் அடித்தால் எந்த வாசலுக்கு ஓடுவீர்கள், சூப்பர்வைசர் கண்ணில் படாமல் எங்கே உட்கார்வீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம்.

கேள்வி: லிங்கோட்டோவின் மொட்டை மாடி ஓட்டப் பாதைப் படத்தைப் பார்த்து வாய் பிளந்தேன். அதுதானே சரியான முன்மாதிரி?

பதில்: முக்கால்வாசி. 1939இல் ஃபியட் மிராஃபியோரி என்ற பெரிய ஆலையைத் தரையில் அகலமாகக் கட்டியதுமே லிங்கோட்டோவின் விதி எழுதப்பட்டுவிட்டது. அசெம்பிளி லைனுக்கு மாடி பிடிக்காது. நீளமான சமதரை வேண்டும். இருந்தும் 1982 வரை அதில் வேலை நடந்தது. மூடியதும் அவர்கள் செய்த நல்ல காரியம், காலம் கடத்தாதது. 20 கட்டடக் கலைஞர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். 1985இல் ரென்ஸோ பியானோ கையில் வேலை வந்தது. கண்காட்சிக் கூடம், இசை அரங்கு, ஹோட்டல், கடைகள், கல்லூரி வகுப்பறை, ஓவியக் காட்சியகம் என்று வருடக்கணக்கில் துண்டு துண்டாக நிரப்பினார்கள். அரை கிலோமீட்டர் நீளக் கட்டடத்தை ஒரே தொழிலால் நிரப்ப முடியாது என்று புரிந்துகொண்டதுதான் கெட்டிக்காரத்தனம். 2021இல் மாடிப் பாதையில் 40,000க்கும் மேல் செடி வைத்துத் தோட்டமாக்கியிருக்கிறார்கள்.

என் குறை என்னவென்றால், நடு மாடிகளில் நீங்கள் கடைக்குள் நிற்கிறீர்களா ஆலைக்குள் நிற்கிறீர்களா என்று தெரியாது. அங்கே வண்டி போன வழி அறுந்துவிட்டது. அதை மீட்டுத் தருவது, வண்டி மாடிக்கு மாடி போவதற்கான சுற்றுச் சரிவுப் பாதை, அந்தச் சுழல் ரேம்ப்தான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், விசிறி மடிப்பு மாதிரி கான்கிரீட் விலா எலும்புகள் மையத்திலிருந்து விரிந்து சுற்றிக்கொண்டே மேலே போகும். ஓட்டப் பாதையை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு இருக்கிற ஒரே படம் அந்த ரேம்ப்பின் அடிவயிறு.

கேள்வி: முகப்புச் சுவரை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் அடுக்குமாடி கட்டினால் இரு தரப்புக்கும் திருப்திதானே?

பதில்: புலித்தோலை மாட்டி வைத்துவிட்டுப் புலியைக் காப்பாற்றியதாகச் சொல்வீர்களா?

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்கள், பக்கார்டு ஆலையை ஏன் யாரும் காப்பாற்றவில்லை? தப்பு யாருடையது?
(அதே வங்கி அதிகாரி, இரண்டாவது கடிதத்தில்)

பதில்: விடமாட்டீர்கள் போலிருக்கிறது. சரி.

அங்கே பக்கார்டு கார் தயாரிப்பு 1950களின் நடுவில் நின்றது. 35 லட்சம் சதுர அடி. பிறகு சிறு சிறு வாடகைதாரர்கள் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அவர்கள் இருந்தவரைக்கும் யாரோ கூரையைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் போன பிறகு செம்பும் இரும்பும் திருடப்பட்டன, அடிக்கடி தீப்பிடித்தது. 2013இல் ஏலத்தில் 4,05,000 டாலருக்குப் போனது. புதுப்பிக்கும் திட்டம் அறிவித்தார்கள், நடக்கவில்லை. 2019 ஜனவரியில், தெருவுக்குக் குறுக்கே இரண்டு கட்டடங்களை இணைத்த புகழ்பெற்ற பாலம் தானாக இடிந்து விழுந்தது. 2022இல் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2024இல் இடிப்பு வேலை முடிந்தது.

பாரிஸை ஒட்டிய பில்லான்கூரில், சேன் நதித் தீவில் இருந்த ரெனோ ஆலையின் கதை வேறு மாதிரி. 1992இல் மூடினார்கள். கப்பல் மாதிரித் தீவு முழுக்க நிறைந்து நின்ற கட்டடம். கட்டடக் கலைஞர் ஜான் நூவெல் பத்திரிகையில் கடுமையாகவே எதிர்த்து எழுதினார். கேட்கவில்லை, 2005க்குள் தரைமட்டம். அங்கே வருவதாக இருந்த பெரிய கலைக் காட்சியகம் அந்த ஆண்டே கைகழுவிவிட்டு வெனிஸுக்குப் போய்விட்டது. தீவின் ஒரு முனையில் இசை அரங்கு திறந்தது 2017இல். அந்த இருபத்தைந்து ஆண்டில் பெரும்பகுதி அங்கே ஓடுகிற ஆலையும் இல்லை, வேறொன்றும் இல்லை.

தப்பு யாருடையது என்றால், முதல் ஐந்து ஆண்டில் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்ன எல்லோருடையதும்தான். பூட்டிய ஆலை அப்படியே இருக்கும் என்று நினைக்கிறார்கள். வண்டி ஓடாமல் நின்றால் பேட்டரி இறங்குவதில்லையா, கட்டடமும் அப்படித்தான்.

கேள்வி: புதிதாகக் கட்டுவதைவிடப் பழையதைச் சரி செய்வது செலவு அதிகம் என்கிறார்களே?

பதில்: சில இடத்தில் அதிகம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கில் விடுபடுகிற ஒன்றைச் சொல்கிறேன். அலுவலகத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 250, 300 கிலோ தாங்கும்படி வடிவமைப்போம். ஆலைத் தளம் எந்திரத்துக்காகக் கட்டியது. அதைவிடப் பல மடங்கு தாங்கும்படி இருக்கும். நீங்கள் மேசை நாற்காலி போடப் போகிறீர்கள். அந்தத் தெம்பு ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியாயிற்று. அதற்காக எரித்த சிமென்டும் உருக்கிய இரும்பும் விட்ட புகையும் ஏற்கெனவே காற்றில் கலந்தாயிற்று. இடித்தால் இரண்டாம் முறை அதே செலவு.

இடிப்பதா வைப்பதா என்று முழுதாகப் பேரம் பேசவும் வேண்டாம். கலிபோர்னியாவில் ரிச்மண்ட் ஃபோர்டு ஆலை, இதுவும் ஆல்பர்ட் கான் வடிவமைத்தது, 1931இல் திறந்து 1950களின் நடுவில் மூடியது. 1989 நிலநடுக்கத்தில் பலத்த அடி வாங்கியது. அப்போதே இடித்திருக்கலாம். ஆனால் வலுவூட்டி, ரம்பப் பல் கூரையின் கண்ணாடிகளைச் சரி செய்து, அலுவலகமும் விழாக் கூடமுமாக மாற்றிவிட்டார்கள். கடல் ஓரத்தில் கிரேன் ஓடிய கூடத்தைத் தடுப்புச் சுவர் எழுப்பி நறுக்காமல் ஒரே கூடமாக விட்டதுதான் எனக்குப் பிடித்தது.

குடியிருப்பாக மாற்றுவதில்தான் சிக்கல். அகலமான தளத்தின் நடுவில் ஜன்னலே இல்லாத படுக்கையறை வந்துவிடும். அந்த மாதிரி இடத்தில், பிற்காலத்தில் ஒட்டவைத்த கொட்டகைகளை எடுத்துவிடலாம். நான் ஆட்சேபிக்க மாட்டேன். ஆனால் ஒரு துண்டாவது முழுசாக இருக்கட்டும். பொருள் நுழைந்த வாசலிலிருந்து வண்டி வெளியேறிய வாசல்வரை, மரத்தைக் குறுக்கே அறுத்தால் எல்லா வளையமும் தெரியுமே, அப்படி ஒரு துண்டு.

கேள்வி: எங்கள் ஊர் ஆலை மூடி இரண்டு ஆண்டு ஆகிறது. உரிமையாளர் பதில் சொல்வதில்லை, அரசாங்கம் கோப்பு நகர்கிறது என்கிறது. நாங்கள் பத்துப் பேர் இருக்கிறோம், கையில் பணம் இல்லை. இந்த மாதம் என்ன செய்யலாம்?

பதில்: மனு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய வரைபடம் அனுமதி கொடுத்த அலுவலகத்தில் கிடக்கும், நகல் வாங்குங்கள். உரிமையாளரிடம் ‘ஆலையைக் கொடு’ என்று கேட்காதீர்கள். மழைக்கு முன்னால் ஒரு முறை மொட்டை மாடிக்கு ஏற அனுமதி மட்டும் கேளுங்கள். அதை மறுக்க அவருக்குக் காரணம் கிடைப்பது கஷ்டம்.

நான் போன ஆலையில் காவலாளி ஒருவர்தான் கூட வந்தார். “மேல யாரும் போறதில்ல சார்” என்றார். ஏறினால் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி, அதில் நாணல் முளைத்திருந்தது. தண்ணீர் இறங்க வேண்டிய குழாய் வாய் எங்கே என்றே தெரியவில்லை. காலால் துழாவிக் கண்டுபிடித்தோம். வேரும் சேறும் அடைத்திருந்ததைக் கையால் பிடுங்கினால், அதற்கு அடியில் ஒரு தோல் கையுறை, வெல்டிங் செய்பவர்கள் போடுவது, விரல்களை விரித்தபடி குழாய் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது. அதை உருவியதும் தண்ணீர் சுழன்று கொர்ரென்று சத்தத்தோடு இறங்கியது. அரை மணி நேரம் இருவரும் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தக் குழாய்க்கு நேர் கீழேதான் நான் சொன்ன உப்பிய மரத்தரை.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது கீழ்த்தூணில் ஈரம் காய்ந்து, எல்லையில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் இருந்தது. மாடியில் மொத்தம் பன்னிரண்டு குழாய் வாய். மீதிப் பதினொன்றையும் காவலாளியே சுத்தம் செய்து, இலை விழாமல் கம்பி வலையும் கட்டியிருந்தார். கையுறை அவருடைய நாற்காலி முதுகில் காய்ந்துகொண்டிருந்தது.